சாவு வண்டிக்கு வூஃபர்

பம்பாயில் பிணம் ஏற்றுகிற வண்டிக்கு வூஃபர் வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எண்பதுகளின் நடுவில் மாதுங்காவிலும் செம்பூரிலும் வசதியுள்ள வீட்டுப் பையன்கள் ஃபியட் காரின் டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் வைத்துக் கண்ணாடி அதிர அதிரப் போவார்கள். அதற்குப் பிறகு அந்த டிக்கியில் ஒரு காய்கறிப் பை வைக்கக்கூட இடம் இருக்காது. அவர்களுக்கு என்ன, பை தூக்கவா கார் வாங்கினார்கள்? எங்கள் வண்டிக்கு இடமும் குறையக் கூடாது, சத்தமும் வர வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது என்று சொன்னால் பொய். நானாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அப்போது தாராவியில் ஒரு மைக்செட் கடையில் நான் மெக்கானிக். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எலெக்‌ஷன் எல்லாவற்றுக்கும் ஆம்ப்ளிஃபயர் போகும், புகைந்து திரும்பி வரும். அதைப் பிரித்துப் பற்றவைப்பது என் வேலை. பதினாறு வயதில் ஊரைவிட்டு ரயில் ஏறினேன். ஏறியதற்குக் காரணம் ஒன்றுதான். என் அப்பா சாவுக்குப் பறை அடித்தவர். எட்டு வயதுப் பொடியன் தெருமுனையில் நின்று "ஏல, அங்க சாவு, வந்து அடி" என்று கூப்பிடுவான். அப்பா "இந்தா வந்துட்டேன் சாமி" என்பார். அந்த 'சாமி'யைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரியும். பறையை எங்கள் பக்கம் கொட்டு என்போம். அந்தக் கொட்டைத் தொடமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை, டிக்கெட்டுக்கு வழி செய்தார்.

தாராவியில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. எங்கள் தெருக்காரர்களும் அதில் இருந்தோம், மற்றத் தெருக்காரர்களும் இருந்தார்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். ஆனால் சாவு வந்தால் மட்டும் யார் யாருடைய மகன் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். சங்கம் பழைய மெட்டடார் வண்டி ஒன்றை வாங்கிப் பிணம் கொண்டுபோக வைத்திருந்தது. வண்டிக்கு முன்னால் கொட்டு அடித்துக்கொண்டு போக இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஊரோடு போய்விட்டார். இன்னொருவருக்கு மாநகராட்சியில் வேலை கிடைத்தது, "இனிமே என்னயக் கூப்பிடாதிய" என்று சொல்லிவிட்டார். நல்லது செய்தார்.

அதைப் பற்றிப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. கொட்டு இல்லாமல் பிணம் போனால் நாயைத் தூக்கிப்போவது போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். பிறகு எல்லோரும் மெதுவாக என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, ரெண்டு சாவுக்கு நீ ஒப்பேத்திரு. பொறவு வேற ஆளப் பாத்துக்கிடுவோம்" என்றார் சங்கத் தலைவர். தோல் மண்டியில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு அடிக்கத் தெரியாது அண்ணாச்சி."

"தெரியாம என்ன? ரத்தத்துல உள்ளதுதானவே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்தில்தான் எல்லாம் செய்வேன், அன்றைக்கும் அப்படித்தான். "நான் கொட்டத் தொடமாட்டேன் அண்ணாச்சி. ஆனா ஒங்க வண்டியில கொட்டுச் சத்தம் வரும். அது எம் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வந்த பிறகுதான் பயம் பிடித்தது. நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தை. சத்தம் சரியாக வரவில்லை என்றால் அடுத்த சாவுக்குக் கொட்டை என் கழுத்தில்தான் மாட்டுவார்கள். ஒரு தடவை மாட்டினால் அதற்குப் பிறகு நான் மெக்கானிக் இல்லை. நாளைக்கு எனக்குப் பிறக்கிற பிள்ளையும் கொட்டு அடிக்கிறவனின் பிள்ளைதான்.

ஊருக்குப் போன ஒரு உறவுக்காரரிடம் டேப்ரிக்கார்டரைக் கொடுத்து அனுப்பி, ஒரு நிஜச் சாவில் அடித்த கொட்டைப் பதிவு செய்து வாங்கினேன். நடுநடுவே யாரோ ஒரு பொம்பளை ஒப்பாரி வைப்பாள், ஒரு நாய் குரைக்கும். அதில் அடித்தவர்களில் ஒருவர் என் சித்தப்பா. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் வண்டியின் கூரையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, அடுத்து வந்த சாவில் போட்டுக் காட்டினேன். தகரத்தில் கரண்டியால் தட்டுவது போல இருந்தது. சாவு வீட்டில் ஒரு பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார், செத்துப்போனவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது கொட்டாவே? எலெக்‌ஷன் வண்டி கெணக்கா இருக்கு" என்றார்.

பறையில் இரண்டு சத்தம் உண்டு. மேலே சடசடவென்று ஒன்று, அது காதோடு போய்விடும். அடியில் தும் என்று ஒன்று, அது வயிற்றுக்குள் இறங்கும். குழாய் ஸ்பீக்கருக்கு அந்த அடிச் சத்தம் வராது. அதற்கு வூஃபர் வேண்டும். வூஃபருக்கு அடைப்பான பெரிய பெட்டி வேண்டும். பெட்டிக்கு இடம் வேண்டும். இங்கேதான் தகராறு ஆரம்பித்தது.

வண்டிக்குள்ளே நடுவில் இரும்புக் கால் வைத்த ஒரு பலகை. அதன்மேல்தான் பாடையை வைப்பார்கள். இரண்டு பக்கமும் பெஞ்சு, பக்கத்துக்கு நாலு பேர். பலகைக்குக் கீழே மண்பானை, எருவாட்டி, மண்ணெண்ணெய் டின், வாளி, தார்ப்பாய். தலைவர் அளவு டேப்போடு வந்து நின்றார்.

"பாடி ஆறடி. ஆளு எட்டு. கீழ சாமான். இதுல ஒரு சாண் ஜகா கொறஞ்சுதுன்னா ஒம் பொட்டியத் தூக்கிச் சாக்கடை நாலாவுல எறிஞ்சிருவேன், பாத்துக்க."

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன், ஒரு ஆளின் இடம் போனது. பெஞ்சுக்கு அடியில் ஸ்பீக்கரின் காந்தம் இடித்தது. கூரையில் வைத்தால் மழை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நான்காம் நாள் மத்தியானம் அலுத்துப்போய் அந்தப் பலகையிலேயே மல்லாந்து படுத்துவிட்டேன். சோறு தின்றுவிட்டு வந்த டிரைவர் என்னைப் பார்த்து அலறிவிட்டான். "எந்திரிங்கண்ணே, வெளங்குமா இது?" என்று கையைப் பிடித்து இழுத்தான். நான் எழுந்திருக்கவில்லை. என் மூக்குக்கும் வண்டிக் கூரைக்கும் நடுவில் மூன்றடிக்கு மேல் சும்மா கிடந்தது. படுத்திருக்கிறவன் எழுந்து உட்காரப் போவதில்லை. அந்த இடத்தில் இதுவரை யாருமே எதுவும் வைத்ததில்லை.

பலகையையே பெட்டியாகச் செய்துவிட்டேன். ஆறடி நீளம், இரண்டடி அகலம், உயரம் மட்டும் அரையடி. பத்து அங்குல ஸ்பீக்கரை லாமிங்டன் ரோட்டு ரேடியோ சாமான் கடைகளில் தேடி எடுத்து, கால்மாட்டில் வாய் கீழே பார்க்கிற மாதிரி பொருத்தினேன். கீழே சாமான் வைக்கிற இடம் அப்படியே இருந்தது, பெஞ்சு அப்படியே இருந்தது. பிணம் மட்டும் அரையடி உயர்ந்தது. உயர்ந்ததற்காக அது சண்டைக்கு வரப்போவதில்லை.

தலைவர் அதற்கும் ஒன்று கண்டுபிடித்தார். தூக்கி வைக்கிறவர்களுக்குத் தோள் வலிக்குமாம். "அரையடி எதுக்கு? அஞ்சு இஞ்சுல முடி" என்றார். வாதாடிப் பார்த்தேன், கேட்கவில்லை. காந்தத்தை அறுக்க முடியாது. பெட்டிக்குள் மேல்பலகைக்குக் குறுக்கே கொடுத்திருந்த சட்டங்களைக் கழற்றிவிட்டு, கனமான பலகைக்குப் பதில் மெல்லிய பிளைவுட்டை அறைந்தேன். ஒரு அங்குலம் குறைந்தது. ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவனுக்கு முதல் பாடமே ஸ்பீக்கரின் கூம்புக் காகிதம் மட்டும்தான் ஆட வேண்டும், பெட்டியின் ஒரு பக்கமும் ஆடக் கூடாது என்பதுதான். அதைத் தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தே செய்தேன். ஆடினால் சத்தம் கொஞ்சம் கலங்கும், சாவு வண்டிக்கு அது போதும் என்று நினைத்தேன். இரண்டு மூட்டை மணலை மேலே ஏற்றிவைத்துக் கேசட்டைப் போட்டேன். தும் என்று ஒரு அடி விழுந்தது. தெருவில் போன ஆட்கள் நின்றுவிட்டார்கள். தலைவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதுதாம்ல கொட்டு" என்றார்.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் இந்தப் பெட்டியோடு மூன்று சாவு போனது. மூன்றும் வயதானவர்கள். பச்சை மூங்கிலில் வைக்கோல் பரப்பிக் கட்டிய கனத்த பாடையில் கொண்டுவந்து பலகைமேல் வைத்தார்கள். நான் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் டேப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சங்கத்தில் என்னை 'மெக்கானிக்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம், நான்கு பேர் அழுகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு சந்தோஷப்பட்டவன் நான்.

நாலாவது சாவு ஒரு இருபது வயதுப் பையன். பர்ஸ் தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தான். மஞ்சள்காமாலை, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அப்பா கிடையாது, கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அம்மா மட்டும். மாதுங்காவில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்து அவனை வளர்த்தவர். எனக்கு வழியில் பார்த்துப் பழக்கம், பார்த்தால் "சாப்ட்டியா தம்பி" என்பார், அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலையிலிருந்து பேய்மழை. சந்தில் முழங்கால் தண்ணீர். மூங்கில் கடை மூடிக்கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பையனைப் பாடை கட்டாமல், ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பலகைமேலேயே கிடத்தச் சொல்லிவிட்டார் தலைவர். நானும் ஒரு கை பிடித்தேன். கனமே இல்லை.

எங்கள் வழக்கப்படி பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வரமாட்டார்கள். சந்து போய்ச் சேர்கிற மெயின் ரோட்டு முனை வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே அழுதுகொண்டு வருவார்கள், அங்கே நின்றுவிடுவார்கள். அந்த அம்மாவால் தண்ணீரில் நடக்க முடியவில்லை. முனை வரைக்கும் வண்டியிலேயே வரட்டும் என்று பையனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எதிரே தலைவரும் மற்றவர்களும். வண்டி முதல் கியரில் நகர்ந்தது. மழைச் சத்தத்தில் கொட்டு எடுபடவில்லை என்று நான் வால்யூமை நன்றாகக் கூட்டினேன்.

பத்தடி போயிருக்காது. பின்னால் ஒரு அலறல்.

"நிறுத்துங்கய்யா! வண்டிய நிறுத்துங்க! எம் புள்ளைக்கு நெஞ்சு அடிக்கு!"

டிரைவர் பிரேக்கை மிதித்தான். திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா பையனின் மாலையை ஒதுக்கிவிட்டு உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைத்திருந்தார். "தொட்டுப் பாருங்க, அடிக்கு, அடிக்குய்யா" என்று தலைவரின் கையைப் பிடித்து இழுத்து வைத்தார். தலைவரின் முகம் மாறியது. "ஆமால, அடிக்குவே!" என்றார். அவ்வளவுதான். பின்னால் தண்ணீரில் நின்ற பொம்பளைகள் குலவை போட்டார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "திருப்பச் சொல்லு, ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு, ஜல்தி" என்று கத்தினார். சாமி பெயரைச் சொல்லி ஆளாளுக்குக் கும்பிட்டார்கள். அந்த அம்மா அழவில்லை. சிரித்துக்கொண்டு பையனின் கன்னத்தைத் தட்டி, "எய்யா, எந்திரிய்யா, அம்மா இங்கனதான் இருக்கேன்" என்றார்.

திரும்பிப் பார்த்த இரண்டாவது அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டம் இல்லாத பிளைவுட் ஒவ்வொரு அடிக்கும் மேலே எழும்பி எழும்பி இறங்கிக்கொண்டிருந்தது. மணல் மூட்டைக்கும் பாடைக்கும் அது தெரியவில்லை. மெலிந்துபோன ஒரு உடம்பின் நெஞ்சுவரைக்கும் அது ஏறி வந்திருந்தது.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நான் மறைக்கப் போவதில்லை. அந்த அம்மாவுக்காக நான் சும்மா இருக்கவில்லை. சொன்னால் என் பெட்டி போச்சு, நான் மெக்கானிக்காக இருந்ததும் போச்சு என்றுதான் நினைத்தேன். டிரைவர் ரிவர்ஸ் கியரைத் தேடிக்கொண்டிருந்தான். டேப்பை அமுக்கி நிறுத்தினேன்.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அந்த அம்மா உள்ளங்கையை எடுக்கவில்லை. கொஞ்சம் நகர்த்தி வைத்தார், அழுத்தி வைத்தார். குனிந்து காதை வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நின்னுட்டே" என்றார். ஆஸ்பத்திரியில் செத்த பிள்ளை அந்தத் தாய்க்கு இரண்டாம் தடவை செத்தது அந்த இடத்தில்தான். செய்தது நான்.

சீட்டைத் தாண்டிப் பின்னால் போனேன். பலகையைத் தட்டிக் காட்டினேன். "அம்மா, இது பொட்டி. உள்ள ஸ்பீக்கர் இருக்கு. அது அடிச்சது, தம்பி நெஞ்சு இல்ல. எந் தப்புதான்" என்றேன். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

தலைவர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவரும் ஏமாந்தவர்தானே, அந்த ஆத்திரம். "கொட்டடிக்கவன் மவனுக்கு மெக்கானிக் சோலி எதுக்குவே? ஒழுங்கா கொட்ட எடுத்து அடிச்சிருந்தா இந்தச் சங்கடம் உண்டுமா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

அந்த அம்மாதான் பேசினார். "அவன வையாதிய அண்ணாச்சி." என் பக்கம் திரும்பினார். "தம்பி, அத இன்னொருக்கப் போடு."

"அம்மா, அது தம்பியோட…"

"தெரியும்யா. தெரிஞ்சுதான் கேக்கேன். முனை வார வரைக்கும் போடு."

டிரைவர் என்னைப் பார்த்தான், தலையாட்டினேன். அவன் டேப்பைப் போட்டு வண்டியை நகர்த்தினான். கொட்டு எழும்பியது. அவர் உள்ளங்கையைப் பழையபடி நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கில் தோல் வெந்திருந்த கை. நான் பலகைக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன். முனை வர இன்னும் பாதித் தூரம் இருந்தது.

அந்தப் பாதியில் டேப் சிக்கிக்கொண்டது. ஈரத்துக்குச் சிக்கும், மழைக்காலத்தில் தினம் பார்க்கிறதுதான். கொட்டு இழுபட்டு, முனகி, நின்றது. டிரைவர் கேசட்டைப் பிடுங்க, நாடா மடியெல்லாம் உருவிக்கொண்டு வந்தது. அதைச் சுற்றிச் சரிசெய்ய அரைமணி நேரம் ஆகும். முனை நூறு அடியில் இருந்தது.

அந்த அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.

நான் பிளைவுட்டில் அடித்தேன். இரண்டு உள்ளங்கையாலும், பையனின் விலாவுக்குப் பக்கத்தில், தும் தும் என்று. யாரும் எனக்குக் கற்றுத்தந்ததில்லை. பதினாறு வருடம் கேட்டது கையில் இருந்திருக்கிறது. வேகமாக அடிக்கத் தோன்றவில்லை, ஒரு ஆள் தூங்கும்போது நெஞ்சு என்ன நிதானத்தில் போகுமோ அந்த நிதானத்தில் அடித்தேன். நான் அழுதேன், அழுகையோடே அடித்தேன். டிரைவர் வண்டியை நடக்கிற வேகத்துக்கும் குறைத்துவிட்டான். பின்னால் ஹாரன் அடித்தவர்களைப் பொம்பளைகளே திரும்பி நின்று ஏசினார்கள்.

முனை வந்தது. அவரே, "போதும்யா" என்றார். நான் நிறுத்திய பிறகு கையை எடுத்தார். மாலையைப் பழையபடி நேராக்கிவிட்டு, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

மறுநாளே பெட்டியைப் பிரித்துப் பழைய பலகையை மாட்டிக் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு சாவு. தலைவர் கடைக்கு ஆள் அனுப்பியிருந்தார். வந்தவன் கையில் எங்கேயோ தேடிப் பிடித்த ஒரு கொட்டு இருந்தது. ஸ்பீக்கர் ஒன்றும் வேண்டாமாம், நான் மட்டும் வந்தால் போதுமாம். அன்றைக்கு வண்டியில் நான் அடித்ததை எல்லோரும் மெச்சிப் பேசுகிறார்களாம்.

வர முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், போகவேயில்லை, சங்கத்துக்குப் போவதையும் விட்டுவிட்டேன். அந்த அம்மா கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். ஆனால் அந்த வீட்டில் சாவதற்கு இனி அவரைத் தவிர ஆளில்லை.